கூலி குடுத்தது நீயி, குலைச்சது நாயி

மருமகனே, உன் நாய்க்குப் பைத்தியம் பிடிச்சுப்போச்சு, போடிமெட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம்னு நீ ரோசனை பண்றதா உன் ஆத்தா வந்து சொல்லிட்டுப் போனா. பேஷாச் செய்யி. முந்தலைத் தாண்டினா 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு. எந்த வளைவுல இறக்கிவிட்டா அதுக்கு வீட்டுக்கு வழி தெரியாதுன்னு கணக்குப் போட்டு வச்சுக்க. ஆனா அதுக்கு முந்தி, பைத்தியம் அந்த வீட்டுல யாருக்குப் பிடிச்சிருக்குன்னு ஒருதரம் பார்த்துக்கிருவோம். ஆள் மாத்தி இறக்கிவிட்டுட்டு வந்துரக் கூடாதுல்ல.

நாய் மேல உள்ள பிராதை உன் ஆத்தா மூச்சு விடாம ஒப்பிச்சா. வாசல்ல ஒருத்தன் நடக்க முடியலை, குலைக்குது. விருந்தாளி வந்தா நெஞ்சு மேல ஏறுது. சோத்துத் தட்டுக்கிட்ட போனா உறுமுது. வீட்டைப் பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா, சோபாப் பஞ்சைப் பிச்சுக் கூடம் பூராவும் பரத்தி வச்சிருக்கு. செருப்புல எப்பவும் ஒத்தையத்தான் கடிக்குது. ரெண்டையும் கடிச்சாலாவது மனசு ஆறும். எல்லாத்தையும் கேட்டுட்டு, இதுல நாய் பண்ணின தப்பு எதுன்னு நானும் விரல் மடக்கிப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கலை.

மொதல்ல நீ அதை வாங்கின லட்சணத்தைச் சொல்லு. நம்ம சனம் ஏலக்காய் வாங்குற அழகை ஊரே பார்க்கும். மசாலா வாரியத்து ஏலக்கூடத்துல கம்ப்யூட்டர் வந்தப்புறமும், சாம்பிள் காய் கைக்கு வராம எவனும் விலை கேக்கிறதில்ல. உள்ளங்கையில போட்டு உருட்டி, ஒண்ணை நசுக்கி மோந்து, பச்சை எப்படி, 8 மில்லி பருமன் தேறுமா, உள்ளே அரிசி கறுத்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் பட்டனைத் தட்டுவாக. அந்தப் பரம்பரையில பொறந்தவன் நாய்க்குட்டிய மட்டும் போன்ல போட்டோ பார்த்து, முன்பணம் அனுப்பி, பஸ்ல கூடையில வரவச்சிருக்கே. தாய் நாயைப் பார்த்தியான்னா இல்லைங்கிறே. எத்தனை வாரத்துக் குட்டின்னா முழிக்கிறே. எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017-லயே மத்திய சர்க்கார் விதி போட்டிருக்கு. எம்புட்டு அழுத்திக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்ங்கிற பாடத்தைக் குட்டி அதோட தாய்கிட்டயும் கூடப்பிறந்ததுக கிட்டயும்தான் படிக்கும். அங்க கத்துக்கிடாததை உன் வீட்டுக்கு வந்து உன் பிள்ளை கையில கத்துக்குது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பார்க்கிறியா? பேத்தி தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்குது. லீவுக்கு வந்தா ராத்திரி திண்ணையில உக்காந்து எனக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கும். மூணாம் வாரத்துலருந்து 12, 14 வாரம் வரைக்கும் குட்டியோட மனசு தொறந்து கிடக்குமாம். அந்தக் காலத்துல அது பார்க்கிற ஆளு, கேக்கிற சத்தம், மிதிக்கிற தரை எல்லாம் ‘இது நம்ம உலகத்துல உள்ளதுதான்’னு உள்ள போய் உக்காந்திரும். பார்க்காததெல்லாம் பின்னால பேயாத் தெரியும். ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு அமெரிக்கக்காரங்க வருசக்கணக்கா நாய் வளர்த்துப் பார்த்து 1965-ல புஸ்தகமே போட்டுட்டாகளாம். நீ அந்த வாரம் அத்தனையும் கண்ணு பட்டிரும்னு குட்டிய ஏசி ரூமுக்குள்ள வச்சிருந்தே. தடுப்பூசி முடியாம தெருவுல இறக்கிவிட வேண்டாம், சரி. தோள்ல தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுத்து சுத்தினா உன் தோள் தேஞ்சா போயிரும்? இப்ப அது குடை பிடிச்சவனைக் கண்டாக் குலைக்குது, தலையில சுமை தூக்கினவளைக் கண்டாக் குலைக்குது. நாய் வித்த காசு குலைக்காதும்பாக. வாஸ்தவம்தான், அந்தக் குலைப்பும் சேர்ந்து வாங்கினவன் வீட்டுக்குல்ல வந்துருது.

சரி, வாசலுக்கு வருவோம். கொரியர்க்காரப் பய வண்டிய நிறுத்துறான். நாய் கேட்டுக் கம்பியில ரெண்டு காலையும் வச்சு எக்கி நின்னு குலைக்குது. அவன் பார்சலைத் திண்ணையில வச்சிட்டு, போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, கிளம்பிப் போயிடுறான். அவன் எப்படியும் போகப்போறவன்தான். தெருக்கோடியில இன்னும் பத்து வீடு இருக்கு. நாய்க்கு அந்த விவரமெல்லாம் தெரியுமா? ‘குலைச்சேன், ஓடிட்டான்’ அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். அடுத்து பால்காரர், அடுத்து தண்ணிக் கேன், அடுத்து கேபிள் பையன். பொழுது சாயறதுக்குள்ள அத்தனை பேரையும் விரட்டி செயிச்சுட்டு, வாலைத் தூக்கிட்டு உள்ள வருது. நீயி நடுவீட்டுல நின்னுக்கிட்டு ‘ஏய், சும்மா இரு, சும்மா இரு’ன்னு தொண்டை கிழியக் கத்துறே. முதலாளியும் நம்ம கூடச் சேர்ந்து குலைக்கிறாருன்னு அது பூரிச்சுப்போய் இன்னும் நாலு குலைப்பு கூடப் போடுது.

நம்ம ஏலத்தோட்டத்துல எந்த வேலைக்குக் கூலி விழுதோ அந்த வேலைதான் நடக்கும். இது கங்காணிக்குத் தெரியும், ஜீப்புல தொத்திட்டுப் போற பொம்பளைகளுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியலை. உன் வீட்டுல குலைச்சாக் கூலி உண்டு: நீ ஓடி வர்றே. மேல ஏறினாக் கூலி உண்டு: ‘சீ, இறங்கு’ன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளுறே, அது அதுக்கு விளையாட்டு. செருப்பைத் தூக்கினா பெரிய கூலி: குடும்பமே பின்னால ஓடுது. சமத்தாச் சுருண்டு படுத்திருக்கிறப்ப என்ன குடுத்தே? ‘அப்பாடா, இப்பத்தான் சனியன் அடங்குச்சு’ன்னு போனை எடுத்துக்கிட்டே. அப்ப எந்த வேலைக்கு அது நாளைக்கு வரும்னு நீயே சொல்லு.

உன் ஆத்தாவையும் விடறதா இல்லை. சாப்பாட்டு மேசைக்கடியில நாய் உக்காந்து முட்டியைச் சுரண்டுதுன்னு அழுதாளே, ‘நீ ஏதும் போடுறியா’ன்னு கேட்டேன். ‘இல்லண்ணே, எப்பயாச்சும் ஒரு துண்டு’ன்னா. அந்த ‘எப்பயாச்சும்’தான் குடியைக் கெடுக்கிறது. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க வாத்தியார் புறாவைப் பெட்டிக்குள்ள வச்சுப் பார்த்திருக்காரு. கொத்தினப்பல்லாம் தீனி விழுந்து, ஒருநாள் நின்னுபோச்சுன்னா, புறா கொஞ்ச நேரத்துல விட்டிருது. எப்ப விழும்னு தெரியாம எப்பயாச்சும் விழுந்துச்சுன்னா, விட மாட்டேங்குது, கொத்திக்கிட்டே இருக்குது. அதுக்குப் புறா எதுக்கு? தமிழ்நாட்டுல லாட்டரிய 2003-ல நிறுத்தினாக. நம்ம ஆளுக நிறுத்தினாகளா? மெட்டு ஏறிப் பூப்பாறையில இறங்கினதும் மொதல் சோலி கேரளாச் சீட்டு. என்னைக்கோ ஒருத்தனுக்கு விழுந்துச்சாம்ங்கிற பேச்சு ஒண்ணே போதும். உன் நாய் மேசைக்கடியில உக்காந்திருக்கிறதும் அந்த நம்பிக்கையிலதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, நாய்க்குக் குத்த உணர்ச்சி இருக்குன்னு நீ சத்தியம் பண்றே. கல்யாணத்துலருந்து வந்து கதவைத் தொறந்ததும் காதை மடக்கி, வாலைச் சுருட்டி, கடைக்கண்ணால பார்த்துச்சாம்; ‘செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது மாமா’ங்கிறே. நியூயார்க்குல ஹோரோவிட்ஸ்னு ஒரு அம்மா இதை 2009-ல சோதிச்சுப் பார்த்துட்டாக. நாய் முன்னால ஒரு தின்பண்டத்தை வச்சு, ‘தொடாதே’ன்னு சொல்லிட்டு, வளர்த்தவனை வெளிய அனுப்பிட்டாக. திரும்பி வந்தவன்கிட்ட நாய் தின்னுருச்சுன்னோ திங்கலைன்னோ சொல்லுவாக. அது நெசமாவும் இருக்கும், பொய்யாவும் இருக்கும். கடைசியில பார்த்தா, அந்தப் பாவ மூஞ்சி தின்ன நாய்க்கு வரலை, திட்டு வாங்கின நாய்க்குத்தான் வந்துச்சு. ஒண்ணும் தின்னாத நாயிதான் திட்டு வாங்கினப்ப இன்னும் கூடப் பாவமா முழிச்சிருக்கு. ஆக உன் நாய் படிச்சது சோபாவை இல்லை மருமகனே, உன் மூஞ்சியை. மூணு மணி நேரத்துக்கு முந்திப் பிச்ச பஞ்சுக்கு இப்ப அடிச்சா, நீ வீட்டுக்குள்ள வந்ததுக்கு அடிக்கிறதாத்தான் அது புரிஞ்சுக்கும். மூத்திரத்துல மூஞ்சியத் தேய்க்கிற வைத்தியமும் அப்படித்தான். அப்புறம் உன்னைக் கண்டா ஒளிஞ்சு போய்க் கட்டிலுக்கடியில மோளும். அதுக்கும் அதையே குத்தம் சொல்லு.

சோபாவை ஏன் பிச்சதுங்கிறியா? நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லைம்பாக. உன்னோடது லேபரடார். கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்துல மீன்பிடிக்காரங்களோட கடல்ல இறங்கி வலை இழுத்த வம்சம். அப்புறம் சீமையில துரைமார் சுட்ட வாத்தைத் தண்ணிக்குள்ள நீந்தி வாயில கவ்விக்கிட்டு வந்த வம்சம். அதை மூணு சென்டு வீட்டுல கட்டிப்போட்டு, வாயில கவ்வ ஒண்ணும் குடுக்காம, ‘சும்மா இரு’ங்கிறே. கவ்வுறதுக்குன்னே பொறந்தது செருப்பைக் கவ்வாம வேற எதைக் கவ்வும்? தனியா விட்டா பயத்துல ஊளையிட்டுக் கதவைச் சுரண்டுற நாயும் உண்டு. அது வேற சங்கதி, அதுக்குப் பையப் பையப் பழக்கணும். அஞ்சு நிமிசம் வெளிய போய் வா, அப்புறம் பத்து நிமிசம். கல்யாணம்னு ஒரேயடியா ஒரு பகல் முழுக்கப் பூட்டிட்டுப் போனா சோபாதான் மொய் எழுதும்.

போன வாரம் நீ நாயை மல்லாக்கத் தள்ளி மேல ஏறி உக்காந்திருந்தியாமே. ஏன்டான்னா, வீட்டுல தலைவன் யாருன்னு காட்டணும்னு வீடியோவுல சொன்னானாம். அந்தக் கதையோட பூர்வீகத்தைக் கேட்டுக்க. ஷெங்கல்னு ஒருத்தர், பேசல் ஊரு மிருகக்காட்சிசாலையில, ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள்ள போட்டு வச்சிருந்ததைப் பார்த்து, தலைவன் சண்டை நடக்குதுன்னு 1947-ல எழுதினாரு. டேவிட் மீச்னு ஒரு அமெரிக்கர் 1970-ல அதைப் புஸ்தகத்துல போட்டுப் பிரபலமாக்கிட்டாரு. பிற்பாடு அவரே காட்டுக்குள்ள வருசக்கணக்கா இருந்து பார்த்தா, கூட்டம்ங்கிறது அப்பன், ஆத்தா, பிள்ளைக. சண்டை போட்டுத் தலைவன் ஆனவன் ஒருத்தனும் இல்லை. 1999-ல அதையும் எழுதி, பழைய புஸ்தகத்தை அச்சுப்போடுறதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. எழுதினவரே வேண்டாம்னுட்டாரு, நீ இன்னும் நாய் மேல உக்காந்திருக்கே. அதுலயும் அது ஓநாய் இல்லை, நீயும் இல்லை. உன் வீட்டுல தலைவன் யாருங்கிறது உன் பொண்டாட்டிக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்; உனக்குத்தான் சந்தேகம்.

உறுமுறதுக்கு அடிக்காதே. இதை மட்டும் கேலியில சேர்க்காமக் கேளு. உறுமல்ங்கிறது ‘கிட்ட வராதே, பயமா இருக்கு’ன்னு நாய் தன் பாஷையில மரியாதையாச் சொல்றது. அதுக்கு அடி விழுந்துச்சுன்னா சொல்றதை நிறுத்திக்கிடும், பயம் மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம் சொல்லாமக் கடிக்கும். ‘இத்தனை நாளா நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு’ங்கிற வீட்டுல, பல நேரம் முன்னாலயே உறுமி அடி வாங்கியிருக்கும். தட்டுக்கிட்ட உறுமுற நாய்த் தட்டுலருந்து சோத்தைப் பிடுங்கி வீரம் காட்டாதே. போறப்ப வர்றப்ப தள்ளி நின்னு ஒரு கறித்துண்டைத் தட்டுல எறிஞ்சிட்டுப் போ. நாளாவட்டத்துல நீ வர்றதைக் கண்டா வாலாட்டும். பிள்ளைகளை மட்டும் தின்கிற நாய்க்கிட்ட விடாதே, எந்த நாயா இருந்தாலும் சரி.

இப்படி எல்லாம் ஆனப்புறம் உனக்கு ஒரு புதுப் புத்தி வந்திருக்கு: லேபரடாரைத் தொலைச்சுட்டுக் கோம்பை நாய் வாங்கலாமாம், நம்ம மாவட்டத்து நாயாம், சொன்ன பேச்சு கேக்குமாம். நம்ம கோம்பைக்கு நான் விட்டுக்குடுத்துப் பேச மாட்டேன். செவலை உடம்பு, கருமூஞ்சி, தோட்டத்து ஸ்டோருக்கு முன்னால படுத்துச்சுன்னா தெரிஞ்ச ஜீப்புச் சத்தத்துக்குக் காதை மட்டும் அசைக்கும், தெரியாத சத்தத்துக்குத்தான் எந்திரிக்கும். 2005-ல தபால்காரங்க நாட்டு நாய்க்குத் தபால்தலை போட்டப்ப ராசபாளையத்துக்குக் குடுத்து நம்மளை விட்டுட்டாக. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரலை. 2020 ஆகஸ்டுல பிரதமர் ரேடியோவுல பேர் சொன்னதும்தான் கொஞ்சம் ஆறுச்சு. ஆனா அந்தப் பேச்சுக்கப்புறம் ஆளாளுக்குக் கோம்பைக்குட்டி கேட்டு அலையறதைப் பார்த்தா பயமா இருக்கு. காவலுக்குன்னே வளர்ந்த நாயி அது. லேபரடாரையே சமாளிக்காதவன் கோம்பையை வாங்கினா, கொரியர்க்காரன் பார்சலோட சேர்த்துப் போலீசையும் கொண்டாருவான்.

போலீசுன்னதும் சிரிக்காதே. நாயால அடுத்தவனுக்கு ஆபத்து வராமப் பார்த்துக்கிடலைன்னா, 2024 ஜூலையில வந்த புதுத் தண்டனைச் சட்டத்துல 291-ஆம் பிரிவு இருக்கு: ஆறு மாசம் வரைக்கும் உள்ள போகலாம், இல்லை 5,000 ரூபா வரைக்கும் கட்டலாம், ரெண்டும் சேர்ந்தும் கெடைக்கும். அந்த வருசம் மே மாசம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவுல ரெண்டு ராட்வைலர் அஞ்சு வயசுப் பிள்ளையைக் குதறி, வளர்த்தவர் கைதானது பேப்பர்ல வந்துச்சே. அதுக்கு ரெண்டு மாசம் முந்தி, முரட்டு நாயின்னு 23 இனத்தைத் தடை பண்ணச் சொல்லி மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குக் கடுதாசி போட்டுச்சு. கர்நாடக ஹைகோர்ட்டு ஏப்ரல்லயே அதை ரத்து பண்ணிருச்சு. கடிக்கிற நாயோட இனத்தை எண்ண ஆரம்பிச்சவுக, வளர்க்கிறவன் இனத்தையும் ஒருதரம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கட்டிப்போடுறதுதான் ஒரே வழின்னு சங்கிலி வாங்கியிருக்கிறதாவும் கேள்வி. டென்வர்ங்கிற அமெரிக்க ஊர்ல கடிச்ச நாய்க் கணக்கை எடுத்து 1994-ல போட்டாக. கடிக்காத நாயைவிடக் கடிச்சதுல கூடுதலா இருந்தது ஆண் நாயி, கருத்தடை பண்ணாத நாயி, முற்றத்துல சங்கிலியில கிடந்த நாயி. ஓடவும் வழியில்லை, ஒதுங்கவும் வழியில்லைன்னா மிச்சம் கடிக்கிறதுதானே? கட்டியே வச்சிருக்கிற நாயை நடத்திக் கூட்டிப் போகலைன்னா அதுவே குத்தம்னு 1960-ஆம் வருசத்து மிருகவதைச் சட்டத்துல எழுதியிருக்கு. காரணமில்லாமக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றதும் அதே வரிசைதான். மொதத் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலருந்து 50 ரூபா வரைக்கும். 50 ரூபாயைப் பார்த்ததும் உன் மூஞ்சி மலர்ந்துருச்சு பாரு! அதான் சொல்றேன், சட்டத்துக்குப் பயந்து நாய் வளர்க்கிற காலம் இன்னும் வரலை.

தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில நடுங்கினதை ‘நடிக்குது’ன்னு நீ சொன்னதுக்கு நான் பதிலே சொல்லப்போறதில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காக ஊரே வெடி போடாம இருக்கு. உன்னை ஊரைத் திருத்தச் சொல்லலை. சன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சத்தமா ஓடவிட்டு, நாய்க்குப் பக்கத்துல உக்காந்தாப் போதும். தடவிக்குடுத்தா பயம் கூடிரும்னு எவனோ சொன்னானாம்; பயம் தடவலுக்குக் கூடுறதில்லை.

என்னதான் செய்யறதுன்னு கேக்கிறே. கூலியை மாத்திக் குடு. வாசல்ல ஆள் வர்றப்ப, குலைக்கிறதுக்கு முந்தி கூப்பிட்டு ஒரு துண்டு குடு; நாலு காலும் தரையில இருந்தாத்தான் விருந்தாளி தொடணும்; ஏறினா எல்லாரும் சுவத்தைப் பாருங்க. சும்மா படுத்திருக்கிறப்பப் போய் ஒருதரம் தடவு. காலையில வெள்ளனே கொட்டகுடி ஆத்துப் பக்கம் கூட்டிப்போய் மோந்து பார்க்க விடு. இழுத்து ஓடாதே, மோந்து பார்க்கிறதுதான் அதுக்குப் பேப்பர் படிக்கிறது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க: கூலியை நிறுத்தினதும் மொதல்ல கொஞ்ச நாள் முன்னைவிடப் பலமாக் குலைக்கும், முன்னைவிடப் பலமாச் சுரண்டும். அங்கதான் உன் ஆத்தா மனசு இளகி ஒரு துண்டு போடுவா. போட்டாளோ, இன்னும் கத்தினாத்தான் கெடைக்கும்னு அது படிச்சுக்கிடும். அதனால நாயைப் பழக்கிறதுக்கு முந்தி உன் ஆத்தாவைப் பழக்கணும். அது கஷ்டம், அவ என் தங்கச்சி, எனக்குத் தெரியும்.

இம்புட்டுக்கும் அடங்காம, நேத்து வரைக்கும் சாதுவா இருந்த நாய் இன்னைக்குத் திடீர்னு குணம் மாறிச்சுன்னா, மாமன் பேச்சை விட்டுட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போ. காதுவலி, பல்வலி, மூட்டுவலி எதாவும் இருக்கும். வலிக்கிற இடத்துல கை பட்டா நாய் கடிக்கத்தான் செய்யும். தண்ணியும் சோறும் விழுங்க முடியாம, எச்சி வடிஞ்சு, கண்டதையெல்லாம் கடிச்சுச்சுன்னா அது வெறிநோயாவும் இருக்கும். கிட்டவே போகாதே, டாக்டரைக் கூப்பிடு. வெறிநோய் வராம இருக்க மூணு மாசத்துல மொத ஊசி, அப்புறம் வருசாவருசம், உன் நாய்க்கு அட்டையில பதிவு இருக்கணும். உன் வீட்டு நாயோ தெருநாயோ, கடியோ நகக்கீறலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிட்டு உக்காந்திராதே. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசியெல்லாம் இப்ப இல்லை, கையிலதான். அன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில காசில்லாமப் போடுறாக. நாலுல ஒண்ணையும் விட்டுராதே.